ஸ்பெக்ட்ரல் லைன் இன்டன்சிட்டிய வச்சு சூரியனோட கொரோனா, அதாவது வெளி வளிமண்டலத்தோட டென்சிட்டி, டெம்பரேச்சர் எடுத்தா ஏன் நம்பர் தாறுமாறா வருது?

நீங்க பிஎச்டி முதல் வருஷமா இருக்கணும், சியான்டிங்கற அணு டேட்டாபேஸ வச்சு ரேஷியோ கர்வ், அதாவது ரெண்டு லைனோட பிரகாச விகிதம் டென்சிட்டியோட எப்படி மாறுதுங்கற கோடு, போட்டுட்டு, வந்த நம்பர கைடுகிட்ட காட்ட பயந்துட்டு இருக்கீங்க, சரியா? நானும் ஒரு மாசம் அப்படித்தான் ஒளிஞ்சு திரிஞ்சேன்.

எனக்கு ஹினோடே சாட்டிலைட்ல இருக்கற இஐஎஸ்ங்கற ஸ்பெக்ட்ரோமீட்டரோட டேட்டா. அயர்ன் 13, அதாவது 12 எலக்ட்ரான பறிகொடுத்த இரும்பு, அது 202.04, 203.82 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துல ஒளி விடற லைனுங்க. டென்சிட்டி ஏற ஏற மோதல் ஜாஸ்தியாகி, அயனிங்க கிரவுண்ட் லெவலுக்கு கொஞ்சம் மேல இருக்கற மெட்டாஸ்டேபிள், அதாவது சீக்கிரம் கீழ இறங்காத லெவல்ல போய் சேந்துக்கும், 203க்கு தீனி அங்கேர்ந்துதான், அதனால 202ஓட வச்சுப் பாத்தா அது பளிச்னு ஏறும். ரெண்டும் ஒரே அயனி, அதனால அபண்டன்ஸ், அதாவது இரும்பு எவ்ளோ கலந்திருக்குங்கற தொல்லை இல்ல, டெம்பரேச்சர் தொல்லையும் ரொம்ப கம்மி. எனக்கோ, அமைதியா கெடந்த ஓரமும் காந்தப்புலம் பலமான ஆக்டிவ் ரீஜன் நடுவும் கிட்டத்தட்ட ஒரே டென்சிட்டி!

கடைசில ஒரே ஒரு பிக்சலோட ப்ரொஃபைல பிளாட் பண்ணிப் பாத்தா, 203.82க்கு இடது தோள்ல ஒரு புடைப்பு. 203.72ல அயர்ன் 12. நான் ஒத்த காஸியன, அதாவது ஒரே ஒரு மணி வடிவ வளைவ போட்டு அதையும் சேத்து அள்ளியிருக்கேன். டென்சிட்டி கம்மியான எடத்துல 203 ஏற்கனவே மங்கல், அதனால அங்கதான் இந்தக் கலப்படம் நல்லா ஏமாத்தும். ரெண்டு காஸியன் போட்டதும் ஓரம் ஒழுங்கா கீழ இறங்குச்சு.

203.82ஏ ரெண்டு லைன்தானேன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: தெரியும்ங்க, 203.80, 203.83 ரெண்டும் அயர்ன் 13தான், சேத்தே எடுக்கலாம், கர்வ்லயும் சேத்துக்கணும், அவ்ளோதான்.

டெம்பரேச்சர்ல இன்னும் சூதானம். அயர்ன் 12, அயர்ன் 15 ரேஷியோ ஒரு நம்பர் தரும், ஆனா பார்வைக் கோட்டுல 10 லட்சம் டிகிரி லூப்பும் 30 லட்சம் டிகிரி லூப்பும் ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கு, அந்த ஒத்த நம்பருக்கு பெருசா அர்த்தமில்ல, நெறைய லைன் எடுத்து டிஇஎம், அதாவது எந்த டெம்பரேச்சர்ல எவ்ளோ பிளாஸ்மா இருக்குங்கற கணக்கு, போடுங்க.

இதெல்லாம் ஒரு வாரத்துல முடிய வேண்டிய வேலை. எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்தது இந்தக் கணக்கெல்லாம் போடற ஐடிஎல் சாஃப்ட்வேருக்கு ஒரே ஒரு லைசன்ஸ், ஒரு சீனியர் செஷன ஓப்பன்ல வச்சுட்டு டீ குடிக்கப் போனார்னா ரெண்டு மணி நேரம், க்ளோஸ் பண்ணுங்கண்ணான்னு கேட்டா ரன் ஓடுதுடாம்பாரு, எட்டிப் பாத்தா ஒண்ணும் ஓடாது. இப்ப பைத்தான்லயே எல்லாம் பண்ணிடலாம், நீங்க குடுத்து வச்சவங்க.