1960-70களின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க ஆசை. அடிக்கடி மக்கர் பண்ணும் என்கிறார்களே, பராமரிக்க முடியுமா? அடிக்கடி எடுத்து ஓட்டலாமா?

தாராளமாக முடியும். என்னிடம் இருப்பது ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி, 1970களின் முற்பாதியில் வந்த கூபே. பல வருடங்களாக வைத்து ஓட்டுகிறேன். பெரிய டிங்கரிங் வேலை தவிர மற்றதையெல்லாம் முடிந்தவரை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தில் அடித்துச் சொல்கிறேன்: இந்தக் கார்கள் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம்.

மக்கர் பண்ணும் என்ற பெயர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். தூசி படக்கூடாது என்று உறை போட்டு மூடி மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் பிசுபிசுப்பாகப் படிந்து ஐடில் ஜெட்டை, அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையை, அடைக்கிறது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து, பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகிப் போகிறது. ஆயில் சீல்கள் காய்கின்றன. ஃபியூஸ் முனைகளில் பச்சை பூக்கிறது. பிறகு ஒரு நல்ல நாளாகப் பார்த்து வெளியே எடுத்து, நேராக நெடுஞ்சாலையில் கொண்டுபோய் மிதித்தால் பாதி வழியில் நிற்காமல் என்ன செய்யும்? பழி மட்டும் வண்டியைச் செய்தவன் மேல்.

வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிடம் விட்டு அணைத்துவிடுவார்கள் சிலர். நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் கெடுதல்தான். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இன்ஜின் முழுதாகச் சூடேறாவிட்டால் அது வெளியே போகாமல் தண்ணீராகப் படியும். சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கும், ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் சேரும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக் எதுவும் அசைந்திருக்காது. சாவி போட்டால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். நேரமில்லையென்றால் அன்று தொடாமல் விடுங்கள்.

இன்ஜினைப் பற்றிப் பலருக்கு இருக்கும் பயம் தேவையில்லாதது. ஆல்ஃபாவின் இந்த ட்வின் கேம் இன்ஜின் 1954இல் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் காரில் 1,290 சிசியாக வந்தது. பொறியாளர் ஒராட்சியோ சத்தா புலிகா தலைமையில், ஜுசெப்பே புஸ்ஸோவும் இருந்த குழுவின் வேலை. அலுமினிய பிளாக், அதற்குள் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உருளைகள்), தலையில் செயினால் சுழன்று வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட். பந்தயக் காரில் அதிகம் பார்த்த அமைப்பைக் குடும்பத்தோடு போகிற காரிலும் வைத்தார்கள். 1971இல் 1,962 சிசியாக வளர்ந்து, ஸ்பைடர் மாடலில் 1990களின் தொடக்கம் வரை ஓடியது. இத்தனை காலம் விற்ற இன்ஜின் பலவீனமானதாக இருக்க முடியாது. அது கேட்பது இரண்டே விஷயம்: சுத்தமான ஆயில், சூடேற அவகாசம்.

அந்த அவகாசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் வண்டி தயார் என்று நினைத்து மிதித்துவிடுகிறார்கள். தண்ணீரைவிட ஆயில் சூடேற அதிக நேரம் எடுக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஆயில் பிரஷர் முள் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் அது கீழே இறங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் விருட்டென்று ஏற வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் வந்த பிறகுதான் நான் நாலாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டுவேன். ஆயில் 20டபிள்யூ-50, அதுவும் பழைய இன்ஜின்களுக்கென்று துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக இருப்பது. கேம்ஷாஃப்ட் நேராக, வால்வை அழுத்தும் டேப்பட் மேல் உரசிக்கொண்டு சுழல்வதால் இந்தச் சேர்மானம் முக்கியம்.

கியர்பாக்ஸிலும் அப்படித்தான். ஐந்து கியர், மாற்றினால் கைக்கு அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் காலையில் முதல் சில கிலோமீட்டர் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையம் தேய்வது அங்கேதான் முதலில். அவசரப்பட்டு அழுத்தினால் நறநறவென்று கேட்கும், ஒவ்வொரு நறநறவும் வளையத்திலிருந்து கொஞ்சம் எடுத்துவிடும். ஒன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு இரண்டாவதைப் போடுங்கள். கியர் இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போடுங்கள். பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கால் தானாகச் செய்யும். கியர் ஆயில் ஜிஎல்-4 தரமா என்று பார்த்து ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஊற்றினால் சின்க்ரோவுக்குப் பிடிமானம் குறையும்.

இந்த இன்ஜினில் உண்மையான பலவீனம் ஒன்று உண்டு, பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கட். ஆயில் மேலே ஏறும் துளைகளைச் சுற்றிச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். வயதானால் அவை இறுகிப்போய், ஆயில் தண்ணீரோடு கலக்கும். ரேடியேட்டர் மூடியின் அடியில் பழுப்பு நிறத்தில் குழகுழவென்று படிந்திருந்தால் அதுதான். ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: லைனர்களை அழுத்திப் பிடிக்கக் கிளாம்ப் வைத்திருக்கிறாரா? ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் மேலே எழும்பும், அடியில் இருக்கும் சீல் போகும். கேஸ்கட் மாற்ற வந்த வேலை மொத்த இன்ஜினையும் பிரிக்கும் வேலையாகிவிடும். இந்தக் கேள்விக்கு அவர் விழித்தால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கார்புரேட்டர் சமன்செய்வது. இரட்டைக் குழல் கார்புரேட்டர் இரண்டு, அதாவது சிலிண்டருக்கு ஒரு தொண்டை. நான்கும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்குக் கருவி கிடைக்கிறது, நான் பயன்படுத்துவது இரண்டு முழ நீள ரப்பர் குழாய். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு தொண்டையின் விளிம்பிலும் ஒரே இடத்தில் பிடிப்பேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். முன் கார்புரேட்டரில் அது கனமாகவும் பின்னதில் மெல்லியதாகவும் கேட்டால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப வேண்டும். நான்கும் ஒரே சுருதிக்கு வரும்போது இன்ஜினின் அதிர்வே மாறிவிடும். அதற்கு முன் வால்வு இடைவெளியும் இக்னிஷன் டைமிங்கும் சரியாக இருக்க வேண்டும். அவை தப்பாக இருந்தால் எத்தனை திருகைத் திருகினாலும் பலனில்லை. வால்வு இடைவெளியை டேப்பட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றித்தான் சரிசெய்ய முடியும். கேம்ஷாஃப்டையே கழற்றி எடுக்க வேண்டிய பொறுமையான வேலை. ஆனால் ஒருமுறை சரியாக வைத்தால் வெகுநாள் நகராது.

ஐடில் எவ்வளவு சரிசெய்தும் நிற்கவில்லையென்றால் கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் வெடிப்பு விழுந்து காற்று உள்ளே போகும். ஜெட்டை மாற்று, கார்புரேட்டரையே மாற்று என்று பலர் சுற்றி அலைவது இந்த ஒரு வெடிப்புக்காகத்தான்.

இனி துரு. வண்டி பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தில் மயங்கி நிற்பார்கள். நீங்கள் முதலில் தரையில் படுங்கள். இன்ஜினை எப்போதும் மீட்டுவிடலாம், பாகம் எல்லாம் கிடைக்கிறது. துருப்பிடித்த பாடியை மீட்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலத்து இத்தாலிய கார்களில் மூடிய பெட்டி போன்ற பகுதிகளுக்குள் துருத் தடுப்புப் பூச்சு சரியாகப் போகவில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியும் சரியாக இல்லை. 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களில் துரு அரித்தவற்றை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலை வந்தது.

ஜிடிவியில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தகடுகளால் ஆனது. வெளித்தகடு பளபளவென்று இருக்கும், உள்தகடு சல்லடையாகியிருக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில், சக்கர வளைவு, கதவின் அடி ஓரம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அது இருந்த பள்ளத்தின் அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஜாக் வைக்கும் இடத்தில் ஜாக் போட்டுத் தூக்கி, அப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் பாடியில் பலமில்லை. விற்பவர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு, முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழேயும் கதவின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதை வழக்கமாக்குங்கள். சில்லுக்குள் மெழுகுக் கலவை பீய்ச்சுங்கள்.

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஆல்ஃபாவில் கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது செயின். ஃபியட் 124 ஸ்பைடரிலும் 1975இல் வந்த ஃபெராரி 308இலும் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். வண்டி ஓடவே இல்லையென்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும், அறுந்தால் இன்ஜினின் உள்பாகமே போகும். கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். மசெராட்டி போரா, மெராக் இரண்டும் அந்த நிறுவனம் பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயன் கையில் இருந்தபோது வந்தவை. பிரேக்கே சித்ரோயனின் உயர் அழுத்த ஹைட்ராலிக்கில் ஓடும். அதைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் அவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன். முதல் வண்டி என்றால் ஆல்ஃபாவின் ஜிடிவியோ ஸ்பைடரோதான் என் சிபாரிசு. லட்சக்கணக்கில் செய்த வரிசை அது. ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வண்டி எண் அசலா என்ற சந்தேகம் வந்தால் இத்தாலியின் ஆரேசேயில் இருக்கும் ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகத்தில் தயாரிப்புத் தேதி, முதல் நிறம் ஆகியவற்றுக்குச் சான்று வாங்கலாம்.

எலெக்ட்ரிக்கல் பற்றிப் பெரிதாகப் பயமுறுத்துவார்கள். வயரிங் எளிமையானதுதான். பிரச்சினை பெரும்பாலும் எர்த் இணைப்பிலும் ஃபியூஸ் முனையிலும் இருக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, தகடு மின்னும் வரை தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பெட்ரோல் குழாயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்க வைக்கும், கசிந்தால் சூடான இன்ஜின் மேல்தான் சொட்டும். எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், சீட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று வையுங்கள். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அலுமினிய இன்ஜினுக்கு வெறும் தண்ணீர் எமன். டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பத்து வருடம் ஆகியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

அடிக்கடி எடுத்து ஓட்டலாமா என்பதற்கு: ஓட்டத்தான் வேண்டும். கொட்டும் மழையையும் நகர்ந்து நகர்ந்து போகும் நெரிசலையும் தவிர்த்தால் வாரம் இரண்டு மூன்று முறை எடுப்பது அதற்கு நல்லது. சாலையில் ஓடும் வண்டியில் எந்தக் கோளாறும் சின்னதாக இருக்கும்போதே காதுக்கும் காலுக்கும் தெரிந்துவிடும். வாங்கிய உடனே நீண்ட பயணம் கிளம்பிவிடாதீர்கள். எல்லா ஆயிலும் குழாயும் மாற்றி, முதல் சில வாரம் வீட்டைச் சுற்றியே ஓட்டி, ஒவ்வொரு முறை நிறுத்திய பிறகும் அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். மறுநாள் அந்த அட்டையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் அடுத்த வேலை எது என்று தெரிந்துவிடும்.