எட்டுக் கோலும் ஒரு கோலும்: உதைபந்தாட்டக் கேள்வி பதில்

இம்முறை எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவை. இலங்கைத் தேசிய அணியைப் பற்றியே பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பாக்கு நீரிணையைக் கடந்துவிட்டார்.

என் தங்கையின் மகன் சுவிஸில் பிறந்தவன். தங்கையும் கணவரும் பிறந்தது திருகோணமலையில். மருமகன் சுவிஸின் 17 வயதுக்குட்பட்ட அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறான். இப்போது வயது 19. அவன் இலங்கைக்கு ஆட முடியுமா?
(வாசகர், உவர்மலை)

பெரும்பாலும் முடியும். ஆனால் கடதாசி வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில், அந்த இரண்டு ஆட்டமும் சிநேகபூர்வ ஆட்டங்களா, போட்டித் தொடர் ஆட்டங்களா என்று பாருங்கள். சிநேகபூர்வ ஆட்டம் யாரையும் ஒரு நாட்டோடு கட்டிப்போடாது. ஐரோப்பியத் தகுதிகாண் சுற்று போன்றது என்றால் கட்டு விழுந்துவிட்டது. அப்போது உலக உதைபந்துச் சம்மேளனமான பீபாவிடம் நாடு மாற அனுமதி கேட்க வேண்டும். கேட்க வேண்டியது மருமகன் அல்ல, அவனுக்காக இலங்கைச் சம்மேளனம். 17 வயதுக்குட்பட்ட அணியில் ஆடியதோடு நின்றிருந்தால் சிக்கல் குறைவு. முதன்மை அணிக்கு ஆடியிருந்தால்தான் இறுக்கம்: போட்டித் தொடரில் மூன்று ஆட்டத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அவையெல்லாம் 21 வயதாவதற்கு முன் ஆடியவையாக இருக்க வேண்டும், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடமாவது கழிந்திருக்க வேண்டும்.

அடுத்தது குடியுரிமை. அம்மா அல்லது அப்பா, பாட்டி அல்லது தாத்தா இலங்கையில் பிறந்தவர் என்பது பீபாவின் கேள்விக்கு மட்டுமே பதில். கடவுச்சீட்டு இல்லாமல் அந்தப் பதிலால் பயனில்லை. பெற்றோர் இலங்கைக் குடியுரிமையோடு இருந்த காலத்தில் பிள்ளை பிறந்து, பிறப்பைத் தூதரகத்தில் பதிந்திருந்தால் வழி சுலபம். அவர்கள் சுவிஸ் குடியுரிமை எடுத்த பிறகு பிறந்திருந்தால் விடயம் வேறு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேலை இழுபடுவது அநேகமாகப் பெயரில்தான். தாயின் பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும் பெயர் சுவிஸ் ஆவணத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டலில் நிற்கும், கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரும் மாறியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் சத்தியக்கடதாசியையும் விவாகச் சான்றிதழையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மருமகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நாடு மாறுவது ஒரே ஒரு தடவைதான். மாறிய பிறகு சுவிஸ் கூப்பிட்டாலும் போக முடியாது.

இந்த வழியில் வந்தவர்கள் நம் அணியில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஜேர்மனியில் பிறந்து யூனியன் பெர்லினில் வளர்ந்த வசீம் ராசிக், டைனமோ டிரெஸ்டனுக்கு ஆடிய கிளோடியோ கமெர்க்நெக்ட் இருவரும் அப்படி வந்தவர்களே.

2019 இல் தென்கொரியா நமக்கு 8–0 அடித்தது. அந்த அவமானத்தால் தரவரிசையில் எத்தனை இடம் இறங்கினோம்?
(வாசகர், கிண்ணியா)

எட்டுக் கோலும் ஒரு கோலும் பீபாவின் கணக்கில் ஒன்றுதான். 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள முறையில் கோல் வித்தியாசத்துக்கு இடமே இல்லை. பார்க்கப்படுவது மூன்று: யாரோடு ஆடினீர்கள், எந்தத் தொடரில், முடிவு என்ன.

வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0. இதிலிருந்து 'எதிர்பார்த்த முடிவை'க் கழித்து, ஆட்டத்தின் எடையால் பெருக்க வேண்டும். உலகக் கிண்ணத் தகுதிகாணுக்கு எடை 25. பீபா நாட்காட்டிக்குள் வரும் சிநேகபூர்வ ஆட்டத்துக்கு 10, வெளியே நடப்பதற்கு வெறும் 5. எதிர்பார்த்த முடிவு இரு அணிகளின் தரவரிசைப் புள்ளி வித்தியாசத்திலிருந்து வருகிறது: எதிரணியின் புள்ளியிலிருந்து நமதைக் கழித்து, 600 ஆல் வகுத்து, 10 இன் அடுக்காக்கி, 1 கூட்டி, அதனால் 1 ஐ வகுக்க வேண்டும்.

விளங்குவதற்கு வசதியாக நம்மிடம் 900 புள்ளி, எதிரணியிடம் 1000 என்று வையுங்கள். நமது எதிர்பார்ப்பு 0.405. தகுதிகாண் ஆட்டத்தில் வென்றால் 14.9 கூடும், சமநிலை என்றால் 2.4 கூடும், தோற்றால் 10.1 குறையும். எதிரணிக்கு 1550 இருந்தால் நமது எதிர்பார்ப்பு 0.076 ஆகிவிடும். தோற்றாலும் 1.9 தான் போகும்.

ஆக, ஹ்வாசொங்கில் வாங்கிய எட்டு (நான்கு கிம் ஷின்வூக்குடையது, இரண்டு சொன் ஹியூங்மின்னுடையது) மனதுக்குத்தான் பாரம். புள்ளியைத் தின்பது நம்மைப் போன்ற அணியிடம் தோற்பது. அதே 2019 யூனில் மக்காவுவிடம் வாங்கிய 1–0 ஐ யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை! உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மக்காவு கொழும்புக்கு வர மறுத்ததால் இரண்டாவது ஆட்டம் 3–0 என்று நமக்கு வழங்கப்பட்டது. உலகக் கிண்ணத் தகுதிகாணில் கொரியா இருந்த குழுவுக்குள் நுழைந்ததே அப்படித்தான். வடகொரியா பிறகு விலகியதால் அதனோடு ஆடியது அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. மிஞ்சிய ஆறு ஆட்டத்தில் நாம் அடித்தது இரண்டு, வாங்கியது 23. அந்த இரண்டும் லெபனானுக்கு எதிராக 3–2 என்று தோற்ற ஆட்டத்தில் வந்தவை, இரண்டையும் அடித்தவர் வசீம் ராசிக். வலைக்கு முன் சுஜான் பெரேரா நிற்காவிட்டால் 23 இன்னும் ஏறியிருக்கும் என்பது என் கருத்து.

நம் அணி ஏதாவது கிண்ணம் வென்றிருக்கிறதா?
(வாசகர், நிலாவெளி)

1995 இல். தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கொழும்பு சுகததாச அரங்கில் இந்தியாவை 1–0 என்று வென்றோம். கோல் மேலதிக நேரத்தில் வந்தது. அக்காலத்தில் இருந்த 'பொன் கோல்' விதியால் அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்தது. அடுத்த உச்சம் 2006: பங்களாதேஷில் நடந்த ஆசிய சவால் கிண்ணத்தில் அரையிறுதியில் நேபாளத்தைத் தண்ட உதைகளில் வென்று, இறுதியில் தஜிகிஸ்தானிடம் 4–0 என்று தோற்றது. கசுன் ஜயசூரிய, சன்ன எதிரி பண்டனகே ஆகியோரின் காலம் அது. 2023 ஜனவரியில் பீபா சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஆகஸ்டில் தடை நீங்கியது. மறுவருடம் செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாணுக்காகக் கம்போடியாவோடு கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2, பிறகு தண்ட உதைகளில் வெற்றி. நடுவில் இழந்த ஏழு மாதத்தை எண்ணிப் பார்த்தால் இது சின்ன விடயமில்லை.

சப்பாத்துப் போடமாட்டோம் என்றதால் இந்தியாவை 1950 உலகக் கிண்ணத்துக்கு விடவில்லை என்கிறார் எங்கள் மாமா. உண்மையா?
(வாசகி, மூதூர்)

மாமா மட்டுமில்லை, பாதி ஊரே அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவை யாரும் தடுக்கவில்லை, அதுவாக விலகியது. தகுதிகாணில் பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா மூன்றும் விலகியதால் ஆடாமலே இடம் கிடைத்தது. சுவீடன், இத்தாலி, பரகுவே இருந்த குழுவில் பெயரும் விழுந்தது. அன்றைய நிர்வாகத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கிண்ணம் அவ்வளவாகப் படவில்லை. பிரேசிலுக்கு நெடுங்கடற் பயணம் வேறு.

வெறுங்கால் கதைக்கு விதை 1948 லண்டன் ஒலிம்பிக். பலர் சப்பாத்தின்றி ஆடி, பிரான்சிடம் 2–1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. இரண்டு தண்ட உதைகள் வீணாயின. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10–1 என்று அடித்த பிறகுதான் சப்பாத்து கட்டாயமானது. ஈரப்புல்லில் வெறுங்கால் பிடிக்காது, சப்பாத்துக் காலோடு பந்துக்கு மோதவும் முடியாது. அதன் பலன் 1956 மெல்பேர்ணில் தெரிந்தது. நெவில் டிசூசா மூன்று கோல் அடிக்க அவுஸ்திரேலியாவை 4–2 என்று வென்று நான்காமிடம். 1960 ரோமில் பெருவுக்கு எதிராக இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலை அடித்தவர் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ்.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் ஆடிய கொழும்புக் கிண்ணத்தில்தான் 'சிலோன்' அணி சர்வதேச ஆட்டம் தொடங்கியது. முதல் வருடம் கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன, மற்ற மூன்றையும் இந்தியா எடுத்தது.

இலங்கை உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் ஆடியிருக்கிறதா?
(வாசகர், சாம்பல்தீவு)

உதைபந்தில் இல்லை. நீங்கள் நினைப்பது 1996 என்றால் அது வேறு பந்து.