தீவனம் எங்கே, தந்தை எங்கே?

கேள்வி: குர்ஆன் 80:31-இல் 'வ ஃபாகிஹதன் வ அப்பன்' என்று வருகிறது. பழத்தோடு வரும் அந்த 'அப்ப்' ஒரு தமிழாக்கத்தில் 'புற்பூண்டு', இன்னொன்றில் 'தீவனம்'. செல்போன் அகராதியிலோ 'தந்தை', 'ஆகஸ்ட்' என்று வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு தமிழாக்கங்களும் சரி. கால்நடை மேயும் பசும்புல்தான் 'அப்ப்'. அடுத்த வசனமே 'உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும்' என்கிறது: பழம் நமக்கு, அப்ப் அவற்றுக்கு. குர்ஆனில் இந்த வேர் (ஓர் அரபிச் சொல்லுக்கு அடிப்படையான எழுத்துகள்) இந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களே இந்த இடத்தில், "பழம் தெரியும், அப்ப் என்றால் என்ன?" என்று கேட்டதாக அறிவிப்பு உண்டு. அதனால் நீங்கள் தயங்கியதில் வியப்பில்லை. பதிப்பு மேல் பதிப்பு போடுபவர்கள் இதற்கு ஒரு வரி அடிக்குறிப்பு போட்டால் என்ன? அதைச் செய்யத்தான் யாருமில்லை.

செல்போன் குழப்பத்துக்குக் காரணம் ஷத்து, அதாவது எழுத்து இரட்டிப்பதைக் காட்டும் குறி. 'அப்ப்' வேரில் 'பே' என்ற அரபி எழுத்து இரண்டு முறை வருகிறது. எழுதும்போது ஒரே 'பே', மேலே ஷத்து. ஷத்து போடாமல் தட்டினால் 'அப்' (தந்தை) என்ற சொல்லும் இதுவும் எழுத்தில் ஒன்றுதான். தந்தையைக் குறிக்கும் சொல்லின் வேரில் மூன்றாவது எழுத்து 'வாவ்'. அது சொல்லில் மறைந்துவிடும். 'லிஸானுல் அரப்' என்ற பெரிய அரபி அகராதியின் பழைய வரிசைப் பதிப்பு கடைசி வேர் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டது. அதில் 'பே' பகுதியைத் திறந்தால் நம் சொல் தொடக்கத்திலேயே இருக்கும். தந்தை நூலின் கடைசிப் பகுதியில் கிடப்பார். முதல் எழுத்து வரிசைக்கு மாற்றிய பதிப்புகளும் கடையில் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஆகஸ்ட்டைக் குறிக்கும் 'ஆப்' நெடில். சிரியாக் மொழி மாதப் பெயர், இதோடு சேர்க்காதீர்கள்.

அப்புறம், 'வேர்ச்சொல் ரகசியம்' என்று காசு வாங்கி நடத்தும் ஆன்லைன் வகுப்புகளிடம் போகாதீர்கள். ஒரு வேருக்கு ஒரே பொருள் என்று அடித்துச் சொல்வார்கள். 1004-இல் மறைந்த இப்னு ஃபாரிஸ், வேர்களின் அடிப்படைப் பொருளைத் தேடுவதற்கென்றே அகராதி எழுதியவர். அவரே இந்த வேருக்கு மேய்ச்சல் ஒன்று, நாடுவதும் ஆயத்தமாவதும் இன்னொன்று என்று இரண்டு அடிப்படைகள் தருகிறார். யார் எந்தப் பொருள் சொன்னாலும், எந்த நூல், எந்த வேரின் கீழ் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கட்டணம் கட்டாதீர்கள்.