மணவாளக்குறிச்சி தோரியம் எப்போது தீரும்?

கேள்வி: இயற்பியலில் சொல்லும் சிதைவுக்காலமும் பேச்சில் நாம் சொல்லும் ‘கெட்டுப்போக ஆகும் நாளும்’ ஒன்றுதானா?

இரண்டும் வேறு. நாகர்கோவில் பக்கம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்தப் பாடம் வந்தால் யாராவது ஒரு பையன் கேட்டுவிடுவான்: "சாரே, மணவாளக்குறிச்சி மணலுல உள்ள தோரியம் எப்ப தீரும்?" எங்கள் பக்கத்துக் கடற்கரை மணலில் கிடக்கிற தோரியம், அணு அணுவாகத் தானே சிதைந்து வேறு தனிமமாகிற கதிரியக்க உலோகம். அதனால் நல்ல கேள்விதான். ஆனால் அவன் போடுவது மட்டி வாழைப்பழக் கணக்கு.

மட்டி பழுத்துவிட்டால் சில நாளில் அளிந்துவிடும். நேற்றுப் பழுத்ததைவிட முந்தாநாள் பழுத்தது முந்திக் கெடும். பழம் அளியும், குழம்பு ஊசும், தேங்காய் எண்ணெய் காறும், மரம் உளுத்துப்போகும். இவை எல்லாவற்றுக்கும் வயசு ஏறுகிறது.

அணுவுக்கு வயசு ஏறாது. பூமி உண்டானதிலிருந்து அப்படியே கிடக்கிற தோரியம் அணு, இந்த வருடம் சிதைவதற்கு என்ன வாய்ப்போ, அடுத்த வருடமும் அதே வாய்ப்புதான். அதனால் மிச்சம் குறையக் குறைய, சிதைகிற எண்ணிக்கையும் அதே விகிதத்தில் குறைகிறது. தீரும் தேதி என்று ஒன்றைக் குறிக்க முடியாது. அதற்காகத்தான் வேறொரு அளவு வைத்தார்கள்: தொடக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய 37 சதவீதம் மிஞ்ச ஆகும் நேரம். அதுவே சிதைவுக்காலம், அணுக்களின் சராசரி ஆயுளும் அதுதான். பாதியாகும் நேரம் அரை ஆயுள். அதை 1.44 ஆல் பெருக்கினால் சிதைவுக்காலம் வந்துவிடும்.

வகுப்பில் நான் மணியை வைத்தே விளக்குவேன். மாதா கோயில் மணி அடித்து ஓய்கிறது. அதிர்வின் வீச்சு ஒரு சிதைவுக்காலத்தில் 37 சதவீதம், இரண்டில் 14, மூன்றில் 5 என்று இறங்கும். ‘சத்தம் எவ்வளவு நேரம் நின்றது’ என்று கேட்டால், கோயில் முற்றத்தில் நிற்பவர் ஒன்று சொல்வார், பஸ் போகிற ரோட்டில் நிற்பவர் வேறொன்று சொல்வார். சிதைவுக்காலம் கேட்பவரைப் பொறுத்து மாறாது, அது மணியினுடையது.

இனி அந்தப் பையனுக்கான பதில். தோரியம்-232 இன் அரை ஆயுள் சுமார் 1405 கோடி ஆண்டு. பூமியின் வயதோ 454 கோடிதான். "மக்கா, பூமி உண்டானப்ப இருந்த தோரியத்துல நூத்துக்கு எண்பது இன்னும் அப்படியே கெடக்கு" என்பேன். ஆனால் அதே தோரியம் படிப்படியாகச் சிதைகிற வழியில் பிறக்கும் தோரான் என்ற வாயுவைத் தனியே ஒரு குப்பியில் பிடித்து வைத்தால், 56 வினாடியில் பாதி போய்விடும்.