திருப்பிப் பார்த்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடியிருப்போர் சங்க அறிவிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி, கைப்பேசிச் செயலியில் தமிழாக்குகிறேன். வந்த தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்ப்பேன். பொருள் மாறவில்லை என்றால் ஒட்டிவிடுவேன். அந்தத் தமிழையே தெலுங்காக்கிக் காவலாளிகளுக்கும் தருகிறேன். இதைவிட நல்ல செயலி உண்டா?

ர., சென்னை

அன்புள்ள ர.,

காவலாளிகளுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல நினைத்தீர்களே, அந்த மனசுக்கு வணக்கம். எந்தச் செயலி என்பது பெரிய விஷயமில்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளையும் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனையை இன்றோடு விடுங்கள்.

"செலவை நாங்கள் ஏற்போம்" என்றால் சங்கம் கொடுக்கும். "நாம் ஏற்போம்" என்றால் வீட்டுக்கு வீடு வசூல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். செயலி தவறானதைப் போட்டிருந்தாலும், திரும்பி வரும் ஆங்கிலம் அச்சுப் பிசகாமல் உங்கள் வாக்கியமாகவே இருக்கும். எழுபது வயதுப் பெரியவரை "குப்பையைப் பிரித்துப் போடு" என்று ஏவியிருந்தாலும் அப்படியே. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை ஆங்கிலத்தை வைத்து எப்படிச் சோதிப்பீர்கள்? சில சமயம் தமிழ் சரியாக இருக்கும், திரும்பும்போதுதான் கெடும். நீங்கள் நல்ல வாக்கியத்தைத் திருத்திக் குலைப்பீர்கள்.

தெலுங்கில்தான் எனக்கு வேதனை. அங்கும் மேமு, மனமு என்று இதே இரண்டு உண்டு. தமிழிலிருந்து நேரே போனால் பிழைத்திருக்கும். ஆனால் மென்பொருள் பழகத் தேவையான இணை வாக்கியங்கள், அதாவது தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பொருளில் உள்ள வாக்கியங்கள், போதாததால் பல மென்பொருள்கள் நடுவில் ஆங்கிலத்தில் இறங்கித்தான் போகின்றன. அங்கே உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

2017இல் கூகுள் தமிழுக்கு நியூரல் முறையை, அதாவது வாக்கியத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் முறையை, கொண்டுவந்தது. அதற்கு முன் சொற்கள் சிதறிக் கிடக்கும், பிழை கண்ணில் படும். இப்போது "பூட்டக் கூடாது" என்பதில் "கூடாது" விழுந்து "பூட்டவும்" ஆனாலும் வாக்கியம் வழுவழுவென்று ஓடுகிறது.

தமிழ் தெரிந்த நீங்கள் தமிழ் அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதுவானேன்? நேரே தமிழில் எழுதுங்கள். சோம்பலுக்கு இதில் இடமில்லை.

தெலுங்குக்குப் போகும் வழியில் எப்படியும் ஆங்கிலம் குறுக்கிடலாம் என்பதால், அதற்கு மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். "நாங்கள்", "நாம்" வரும் இடத்தில் "சங்கம்" அல்லது "எல்லா வீட்டுக்காரர்களும்" என்று பொருள்படப் பெயரையே போடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. 03/04 வேண்டாம், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஒட்டுமுன் ஒரு காவலாளியிடம் கொடுத்து, "இதைப் படித்தபின் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாதவரும் தலையாட்டுவார்.