கேள்வி – பதில்: பள்ளிக் கதவும் பூட்டும்

கேள்வி: பாதுகாப்புக்காக வகுப்பறைகளில் உள்தாழ்ப்பாள் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பிள்ளை உள்ளே தாழிட்டுக்கொண்டால் ஆசிரியரால் வெளியிலிருந்து திறக்க முடியாது. வகுப்பறைக்கென்றே இருபுறமும் சாவித்துளை உள்ள கைப்பிடிப் பூட்டு இருக்கிறது. உள்ளிருந்து சாவியைத் திருப்பினால் வெளிக் கைப்பிடி மட்டும் இறுகும். உள்கைப்பிடியை அழுத்தினால் எப்போதும் திறக்கும். பூட்டுவதற்காக ஆசிரியர் வராந்தாவுக்கு வர வேண்டியதில்லை. மாற்று ஆசிரியருக்கும் சாவி தர மறக்காதீர்கள்.

உள்தாழ்ப்பாளைவிட ஆபத்தானது வெளிப்புறக் கொண்டி. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது யாரோ விளையாட்டாக மாட்டிவிட்டால் போதும், வகுப்பே சிறைப்பட்டுவிடும். கழற்றிவிடுங்கள். அதுவரை, காலையில் கதவைத் திறந்ததும் பூட்டை நிலையிலுள்ள வெறும் வளையத்தில் மாட்டிப் பூட்டிவிட்டால், கொண்டியை அதன்மேல் போட முடியாது.

கேள்வி: முன்வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிறது, ஆனால் பூட்டு விழுவதில்லை. பூட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் கீலிலோ, கதவைத் தானாக மூடவைக்கும் டோர் க்ளோசரிலோ இருக்கும். கதவை மெல்ல மூடி, பூட்டின் நாக்கு, கதவு நிலையிலுள்ள தகட்டின் துளைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். துளையின் கீழ்விளிம்பில் இடித்தால் கதவு தொங்கியிருக்கிறது. மேல்கீலின் திருகுகளை இறுக்குங்கள். மரநிலையில் பிடிமானம் போயிருந்தால் 3 அங்குலத் திருகு போடுங்கள்.

நேராக வந்தும் விழவில்லையா? க்ளோசரைப் பாருங்கள். பொதுவாக இரண்டு திருகுகள் இருக்கும்: ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசிச் சில அங்குலங்களுக்கு. இரண்டாவதை மட்டும் இடப்பக்கமாக எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பி, கதவை ஒரு சாண் திறந்து விட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் அவ்வளவே திருப்புங்கள். மிஞ்சினால் திருகு கழன்று எண்ணெய் கொட்டும். எண்ணெய் கசிந்த க்ளோசரை மாற்றத்தான் வேண்டும். முதல் திருகைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகளின் விரல் நசுங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று, நாக்கை ஒட்டியிருக்கும் சிறு முளை. கதவு மூடியதும் அது தகட்டின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். அதுவும் துளைக்குள் விழுந்தால், யாரும் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நாக்கைத் தள்ளித் திறந்துவிடலாம். துளை சிறிதான தகடு போடுங்கள்.

கேள்வி: மின்காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?

பதில்: மின்சாரம் இருக்கும்வரைதான் அது காந்தத்தால் கதவைப் பிடித்திருக்கும்; நின்றால் பிடியை விட்டுவிடும். அதனால் பேட்டரி வேண்டும். ஆனால் தீ எச்சரிக்கை மணி ஒலித்தால், பேட்டரி இருந்தாலும் பூட்டு பிடியை விட வேண்டும். இணைப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். மணியைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் கதவைத் தள்ளிப் பாருங்கள்.