‘மங்கு’வைச் சூனியம் என்று எழுதலாமா?

மத்திய ஆப்பிரிக்காவின் ஆசாண்டே மக்களைப் பற்றிய கட்டுரையில் ‘மங்கு’ என்பதைச் ‘சூனியம்’ என்று எழுதியதற்கு வழிகாட்டி சிவப்பு மையால் அடித்துவிட்டார், காரணம் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடித்தது சரிதான்.

சூனியம், செய்வினை, ஏவல் எல்லாமே ஒருவர் வேண்டுமென்றே மந்திரமும் பொருளும் கொண்டு செய்பவை. மங்கு அப்படியல்ல. அது வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பொருள், தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் இறங்குவது என்பது அவர்களது நம்பிக்கை. மந்திரம் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மனத்தில் பகையோ பொறாமையோ மூண்டால் போதும், அது பிறருக்குத் தீங்கு செய்துவிடும். இன்னும் முக்கியமாக, அது தன்னிடம் இருப்பது அந்த ஆளுக்கே தெரியாமல் இருக்கலாம். கோழிக்கு நஞ்சு கொடுத்து, அது சாகிறதா பிழைக்கிறதா என்று பார்த்துக் குறி கேட்பது நஞ்சுக் குறி. அதில் அவர் பெயரைச் சொன்னபோது செத்த கோழியின் சிறகை அவரிடம் கொண்டுபோவார்கள். அவர் வாயில் நீர் வைத்து அதன்மேல் ஊதி, தனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அது தணியட்டும் என்பார். இவ்வளவு மரியாதையாக ஒரு சூனியக்காரரை நம் ஊரில் யார் அணுகுவார்கள்?

தமிழில் இதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது கண்ணேறு. அதுவும் எண்ணாமலே படக்கூடியது. ஆனால் கண்ணேறு வயிற்றில் இருக்கும் பொருள் அல்லவே! ‘மங்கு’ என்றே வைத்து, முதல் இடத்தில் இரண்டு வரி விளக்கம் கொடுங்கள். சூனியம் என்ற சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிச்சர்டு இம்மக்களைப் பற்றி 1937-இல் வெளியிட்ட நூலில், வேண்டுமென்றே பிறருக்குக் கேடு செய்யும் தீய மருந்தை மங்குவிலிருந்து தனியே பிரித்துக் காட்டுகிறார். அந்தத் தீய மருந்தைப் பற்றி எழுத வரும்போது உங்களுக்குச் சூனியம் என்ற சொல் தேவைப்படும்.